பந்தியில் பிறந்த தலைமை

ஒரு சமுதாயம் தனக்கெனக் கல்விக் கழகம் ஒன்றை நிறுவி, அதனைக் கால் நூற்றாண்டுக் காலம் கட்டிக் காத்து வெள்ளி விழாக் காணும் வேளையில், இருவகைக் கணக்குகளைப் பார்த்தல் முறையாகும். கற்றுத் தேறியவர் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு. பிறருக்கு வழிகாட்டும் தகுதியுடையோரை நாம் உருவாக்கினோமா என்பது மற்றொரு கணக்கு. முன்னதை ஆண்டறிக்கைகள் கூறிவிடும். பின்னதைப் பார்ப்பதற்கோ ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலை நாடி நாம் இக்கட்டுரையில் விவிலியத்தையும் தொடக்கத் திருச்சபையின் வரலாற்றையும் புரட்டிப் பார்க்கிறோம். கிறித்தவரல்லாத நம் உறுப்பினர்க்கும் இதனாற் பயனுண்டு. புறக்கணிக்கப்பட்ட மக்கள் எவ்வாறு தலைமைக்கு உயர்ந்தனர், பின்னர் அத்தலைமை எவ்வாறு அவர்கள் கையினின்று நழுவியது என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருளாகும்.

மோசே கற்ற பாடம்

எகிப்தில் செங்கல் அறுத்துத் துன்புற்ற அடிமை மக்கள் விடுதலை பெற்றுப் பாலைவனத்தில் நடக்கின்றனர். அவர்களுடைய வழக்குகள் அனைத்தையும் மோசே ஒருவரே கேட்டுத் தீர்ப்பளிக்கிறார். காலை முதல் மாலை வரை அவர் அமர்ந்திருக்கிறார். மக்கள் நின்றுகொண்டே இருக்கின்றனர். இதனைக் கண்டவர் அவருடைய மாமனார் எத்திரோ. அவர் இஸ்ரவேலர் அல்லர்; மீதியான் நாட்டு ஆசாரியர். இம்முறை நன்றன்று, நீயும் சோர்ந்து போவாய், மக்களும் சோர்ந்து போவர் என்னும் கருத்தில் அவர் மருமகனுக்கு அறிவுரை கூறினார். பொருளாசையை வெறுக்கும் நேர்மையாளரைத் தெரிந்து, ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவராக அமர்த்துமாறு வழி காட்டினார். யாத்திராகமத்தின் 18ஆம் அதிகாரம் இச்செய்தியைத் தருகிறது. இதே நிகழ்ச்சியை உபாகமத்தின் முதல் அதிகாரம் கூறும்போது, அத்தலைவர்களைத் தத்தம் கோத்திரங்களிலிருந்து தெரிந்து தருமாறு மோசே மக்களையே கேட்டதாகக் காண்கிறோம்.

நேற்று வரை அடிமைகளாக இருந்த மக்களிடம் ஆளும் பயிற்சி ஏது என்று எவரும் கேட்கக்கூடும். பத்துப் பேருக்கு ஒரு தலைவர் என்னும் ஏற்பாடே அக்கேள்விக்கு விடையாகும். சிறு பொறுப்பை ஏற்றுப் பழகுவோரிடமிருந்தே பெரும் பொறுப்புக்குரியவர் வருவர். ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கும் அமைப்பில், அவர் எத்துணை நல்லவராயினும், அடுத்த தலைமுறைத் தலைவர் முளைப்பதற்கு இடமிராது.

சாமுவேல் காட்டிய கணக்கு

பின்னாளில் அம்மக்கள் அண்டை நாட்டாரைப் போலத் தமக்கும் ஓர் அரசன் வேண்டுமெனக் கேட்டனர். அரசன் உங்கள் புதல்வரைத் தன் தேர்களுக்கும் வயல்களுக்கும் கொண்டுபோவான், உங்கள் நிலத்தை எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்திலொரு பங்கு கேட்பான், நீங்களே அவனுக்கு அடிமைகளாவீர்கள் என்று சாமுவேல் எச்சரித்தார். அரசனுக்கும் உபாகமம் எல்லை வகுத்திருந்தது. குதிரைகளையும் வெள்ளி பொன்னையும் அவன் பெருக்கலாகாது. திருச்சட்டத்தின் படியொன்றை வைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் வாசிக்க வேண்டும். தன் சகோதரர்மீது அவன் உள்ளம் மேட்டிமை கொள்ளலாகாது. அண்டை நாடுகளின் மன்னர்கள் தம்மைத் தெய்வப் பிறவிகளாகப் போற்றிக்கொண்ட காலத்தில், அரசனும் சட்டத்திற்கு உட்பட்டவன் என்ற இக்கருத்து வியப்பிற்குரியது.

பொறுப்பை விட்டு விலகும் நாளில் சாமுவேல் செய்த செயலை நம் இளைஞர்கள் மறத்தலாகாது. முதியவராகிய அவர் மக்கள் அனைவர் முன்னும் நின்று, யாருடைய எருதையோ கழுதையையோ நான் எடுத்துக்கொண்டேன், யாரை ஒடுக்கினேன், யாரிடம் கைக்கூலி வாங்கினேன் என வினவினார். அவ்வாறு ஒன்றுமில்லை என மக்கள் சான்று பகர்ந்தனர். பதவியில் அமரும் நாளில் மாலை பெறுவோர் பலர். விலகும் நாளில் கணக்குக் காட்டி நிற்போர் சிலரே.

இவ்வரிசையிலேயே தீர்க்கதரிசிகளும் நிற்கின்றனர். தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவையும் கொல்வித்தபோது, நாத்தான் அரண்மனைக்குள் சென்று அரசனின் முகத்திற்கு நேரே குற்றத்தை உணர்த்தினார். எசேக்கியேல், மந்தையை மேய்க்காமல் தம்மையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களைச் சாடினார். தலைவனைக் கண்டிக்கும் உரிமை விவிலிய மரபில் ஓர் ஓரத்துச் செய்தியன்று; தலைமையோடு கூடவே பிறந்த ஓர் உறுப்பாகும்.

எருசலேமில் எழுந்த முறுமுறுப்பு

இயேசுவின் சீடர்களிடையேயும் பதவி ஆசை இருந்தது. யாக்கோபும் யோவானும் அவருடைய வலப்புறத்திலும் இடப்புறத்திலும் அமர இடம் கேட்டனர். மற்றப் பதின்மரும் அவர்கள்மீது சினங்கொண்டனர். புறவினத்தாரின் ஆட்சியாளர் மக்களை இறுமாப்புடன் ஆள்கின்றனர், உங்களுக்குள் முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியனாக வேண்டும் என்ற பொருளில் இயேசு அவர்களுக்கு விடை கூறினார். இறுதி இராவுணவின்போது அரையில் துணியைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். அது அக்காலத்தில் வீட்டு ஊழியர் செய்த வேலை. இழிவெனக் கருதப்பட்ட தொழில்களை நம் முன்னோர்மீது சுமத்திய சமூகத்தில் வாழும் நமக்கு, இச்செயலின் பொருளை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்போதனை நடைமுறையில் சோதிக்கப்பட்ட இடம் ஓர் உணவுப் பந்தி. இயேசுவின் காலத்திற்குப் பின் சில ஆண்டுகளுக்குள், எருசலேமின் முதற் சபையார் தம் உடைமைகளைப் பொதுவாக வைத்து, ஏழைகளுக்கு நாள்தோறும் உணவளித்து வந்தனர். சபையில் இரு பிரிவினர் இருந்தனர். நாட்டு மொழியாகிய அரமேயம் பேசிய யூதர் ஒரு சாரார்; வெளிநாடுகளில் வாழ்ந்து திரும்பிய கிரேக்க மொழி பேசும் யூதர் மற்றொரு சாரார். நாள்தோறும் நடந்த அப்பந்தியில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழியினர் முறையிட்டனர். ஏழையரிலும் ஏழையர் விதவைகள். அவர்களிலும் சிறுபான்மை மொழி பேசிய விதவைகளுக்கே சோறு மறுக்கப்பட்டது.

பன்னிரு அப்போஸ்தலரும் அம்முறையீட்டை அடக்கவில்லை; முறையிட்டவரைக் கலகக்காரர் எனப் பழிக்கவுமில்லை. சபையாரைக் கூட்டி, நற்சான்று பெற்ற எழுவரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்னும் எழுவர் தெரிந்தெடுக்கப்பட்டனர். எழுவர் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. நிக்கொலா பிறப்பால் யூதருமல்லர்; அந்தியோகியாவிலிருந்து வந்து யூத சமயம் தழுவியவர். ஆகவே குறை கூறிய பிரிவினரிடமிருந்தே குறை தீர்ப்போர் தெரிவு செய்யப்பட்டனர் என்பது அறிஞர் பலரின் கருத்தாகும். பறிகொடுத்தவர் கையிலேயே பங்கிடும் அகப்பையைக் கொடுத்த நிகழ்ச்சி இது.

இதன் பின்விளைவு இன்னும் சிறப்புடையது. அப்போஸ்தலர் போதனைக்கெனவும், எழுவர் பந்தி விசாரணைக்கெனவும் பணிகள் பகுக்கப்பட்டன. ஆனால் எழுவர் பந்தியோடு நின்றுவிடவில்லை. ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்தின் முன் நீண்டதோர் உரை நிகழ்த்தி, கல்லெறியுண்டு, திருச்சபையின் முதல் இரத்தசாட்சியானார். பிலிப்பு, யூதர் உறவு பாராட்டாத சமாரியரிடம் சென்று போதித்தார். பின்னர் எத்தியோப்பிய அரசியின் நிதியமைச்சராகிய அண்ணகர் ஒருவருக்குத் திருமுழுக்களித்தார். அண்ணகர் சபைக்குள் வரலாகாது என்பது பழைய சட்டம். பந்தியில் ஒதுக்கப்பட்டோர் சார்பில் தலைமைக்கு வந்தவர்களே, ஒதுக்கப்பட்ட மற்றவர்களுக்கும் கதவைத் திறந்தனர். கதவு ஒருமுறை திறக்கப்பட்டால், உள்ளே வருவோர் வாயிலோடு நிற்பதில்லை.

அந்தியோகியாவின் பந்தி

சிரியா நாட்டு அந்தியோகியா, உரோமைப் பேரரசின் மாபெரும் நகரங்களுள் ஒன்று. இயேசுவின் சீடர்களுக்குக் கிறிஸ்தவர் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது அங்கேதான். அச்சபையின் தலைவர்கள் ஐவரை அப்போஸ்தலர் நடபடிகள் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சைப்பிரசுத் தீவினராகிய பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், வட ஆப்பிரிக்கச் சிரேனே ஊரினராகிய லூகி, ஏரோதுடன் வளர்க்கப்பட்ட மனாயீன், தர்சு நகரினராகிய சவுல் என்போரே அவ்வைவர். நீகர் என்பது கருநிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். பல ஊரும் பல நிலையும் சேர்ந்த ஒரு குழுவே அங்குத் தலைமையாக விளங்கியது, தனியொருவர் அல்லர்.

எனினும் அதே நகரில் ஒரு பெரும் பிழையும் நேர்ந்தது. அங்கு வந்த பேதுரு, யூதரல்லாத கிறித்தவருடன் ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் சார்பினர் சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார். அவரைப் பின்பற்றி மற்ற யூதரும் விலகினர், பர்னபாவும் விலகினார். பேதுரு அப்போஸ்தலருள் முதல்வர். பவுல் என வழங்கப்பெற்ற சவுலோ பிந்தி வந்தவர்; ஒரு காலத்தில் சபையைத் துன்புறுத்தியவர். ஆயினும் பவுல் அனைவர் முன்னிலையிலும் பேதுருவை எதிர்த்துக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அவரே இதனைக் கூறுகிறார்.

பேதுருவின் கொள்கை மாறியதாகப் பவுல் கூறவில்லை. அச்சத்தினால் அவர் நடை மாறியது என்றே கூறுகிறார். கொள்கையில் சமத்துவமும், பந்தியில் வேற்றுமையும் காட்டும் தலைமை நமக்கும் புதியதன்று. கொரிந்து நகரிலும் இதே நோய் தோன்றியது. திருவிருந்துக்குக் கூடியபோது வசதியுடையோர் முந்தி உண்டு களித்தனர். ஏழைகள் பசியோடு இருந்தனர். அது ஆண்டவரின் விருந்தே அன்று எனப் பவுல் கடிந்தெழுதினார்.

ஏழைகளுக்கெனத் திரட்டிய நிதியை எருசலேமுக்குக் கொண்டுசெல்லும்போது, அவர் தனியே செல்ல விரும்பவில்லை. சபைகள் தெரிந்தெடுத்தவர் உடன்வர ஏற்பாடு செய்தார். பெருந்தொகையைக் கையாளுவதில் எவரும் தம்மைக் குறை கூற இடமிருக்கலாகாது என்பதே அவர் கூறிய காரணம். கூடாரம் செய்யும் கைத்தொழிலால் தம் செலவையும் உடன் இருந்தோர் செலவையும் தாமே தேடிக்கொண்டார். கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியரான பெபேயாள் என்னும் பெண்மணியை உரோமையருக்கு மதிப்புடன் அறிமுகப்படுத்தினார். இதற்கு மாறான ஒருவரையும் புதிய ஏற்பாடு காட்டத் தவறவில்லை. யோவானின் மூன்றாம் நிருபத்தில் வரும் தியோத்திரேப்பு, முதன்மையை விரும்பி, வந்த சகோதரரை ஏற்காமல், ஏற்போரையும் சபைக்குப் புறம்பே தள்ளினார்.

அடிமைகளும் அரியணையும்

அப்போஸ்தலர் காலத்திற்குப் பின் ஏறத்தாழ 112ஆம் ஆண்டில், பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்குக் கடிதம் ஒன்று எழுதினார். கிறித்தவரைப் பற்றிய உண்மையை அறிய, அவர்களுள் ஊழியக்காரிகள் எனப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களை வதைத்து விசாரித்ததாக அதில் குறிப்பிட்டார். உரோமைச் சட்டம் பொருளாகக் கருதிய அடிமைப் பெண்களைச் சபை தன் ஊழியர்களாக ஏற்றிருந்ததற்குப் பகைவர் எழுதிய சான்று இதுவாகும். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமைச் சபைக்கே ஆயராக விளங்கிய கலிஸ்து, ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். இச்செய்தியைத் தந்தவர் அவருடைய எதிர்ப்பாளராகிய இப்போலித்து. இழித்துரைக்க எழுதியது இன்று நமக்குப் பெருமை தரும் வரலாறாயிற்று.

அக்காலத்தில் ஆயரைத் தெரிவதில் மக்களுக்கும் பங்கிருந்தது. திதாக்கே என்னும் பழைய ஒழுங்கு நூல், கண்காணியரையும் உதவிக்காரரையும் தெரிந்துகொள்ளுமாறு சபையாருக்கே கட்டளையிடுகிறது. மூன்று நாள் தங்கியிருந்து உண்ணும் நாடோடிப் போதகன் கள்ளத் தீர்க்கதரிசி எனவும் எச்சரிக்கிறது. கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான், மூப்பரின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இன்றித் தாம் எதையும் செய்வதில்லை என முடிவு செய்திருந்தார். 374ஆம் ஆண்டில் மிலான் நகர மக்கள், திருமுழுக்கே பெறாதிருந்த ஆளுநர் அம்புரோசை ஆயராக வேண்டுமென முழங்கிப் பெற்றனர். ஐந்தாம் நூற்றாண்டில்கூட, எல்லாருக்கும் தலைவராக வேண்டியவர் எல்லாராலும் தெரிந்தெடுக்கப்பட வேண்டும் என்ற நெறியை உரோமை ஆயர் முதலாம் லியோ வலியுறுத்தினார்.

ஆயினும் காற்று திசை மாறியிருந்தது. 313ஆம் ஆண்டில் கிறித்தவ சமயத்திற்கு உரிமை கிடைத்தது; பேரரசர் கான்ஸ்டன்டைனின் ஆதரவு பெருகியது. செல்வமும் நிலமும் நீதிமன்ற அதிகாரமும் ஆயர்களை வந்தடைந்தன. நாளடைவில் தெரிவு செய்யும் உரிமை மக்களிடமிருந்து குருமாருக்கும் மன்னருக்கும் சென்றது. கால் கழுவிய துணி மறைந்து, பட்டாடை முன்வந்தது. புறத்தே இருந்த பகைவர் ஒழிக்க முடியாத மரபை, அகத்தே வந்த சலுகை தேய்த்தது.

தரங்கம்பாடியில் தவறிய பந்தி

எருசலேமிலும் அந்தியோகியாவிலும் எழுந்த அதே வினா, பதினெட்டாம் நூற்றாண்டில் நம் தமிழ் மண்ணிலும் எழுந்தது. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். நற்செய்தி நூல்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அங்கு அச்சாயின. எழுவர் தெரிவு செய்யப்பட்ட வரலாறு அன்றே தமிழில் வாசிக்கக் கிடைத்துவிட்டது.

தஞ்சை மன்னரின் படைவீரராக இருந்த இராஜநாயக்கன், பறையர் சமுதாயத்தில் பிறந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடித் தமிழ் நற்செய்தியைப் படித்ததால் ஈர்க்கப்பட்டு, 1720களின் இறுதியில் லுத்தரன் சபையைச் சேர்ந்தார். தஞ்சைப் பகுதியில் உபதேசியாராகத் தொண்டாற்றிப் பலரைச் சபையில் சேர்த்தார். 1733இல் வெள்ளாளரான ஆரோன், இந்தியப் புராட்டஸ்டண்டுச் சபையின் முதல் நாட்டுப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார். அடுத்த பட்டத்திற்கு இராஜநாயக்கன் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் 1741இல் பட்டம் பெற்றவர் தியோகு என்பவர். இராஜநாயக்கனின் தகுதியில் ஐயம் எழவில்லை. அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற உயர்ந்த சாதியார் எனப்பட்டோர் உடன்படமாட்டார், அதனால் திருவிருந்தின் மதிப்பே குறையும் என மறைப்பணியாளர் தயங்கினர். அவர் இறுதிவரை உபதேசியாராகவே இருந்து 1771இல் மறைந்தார்.

பேதுரு அந்தியோகியாவில் அஞ்சியவாறே இவர்களும் அஞ்சினர். அந்தியோகியாவில் எழுந்து கண்டிக்க ஒரு பவுல் இருந்தார். இங்கே அன்று எவரும் இல்லை. 1833ஆம் ஆண்டில் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேற்றுமை முற்றிலும் ஒழிய வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். அதனை ஏற்காமல் சபையை விட்டு விலகியோரும் உண்டு. 1981ஆம் ஆண்டில் பெங்களூரு ஐக்கிய இறையியற் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை, தலித் இறையியலுக்கு வித்திட்டதாகக் கருதப்படுகிறது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, கத்தோலிக்கத் திருச்சபையின் முதல் தலித் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். இராஜநாயக்கனுக்குப் பட்டம் மறுக்கப்பட்டதும் கர்தினால் உயர்த்தப்பட்டதும் ஒரே சபையில் நிகழ்ந்தவை அல்ல. எனினும் இரண்டிற்கும் இடையே 281 ஆண்டுகள் கடந்தன. இந்த இடைவெளியில் எத்தனை உபதேசியார்கள் வாயிலோடு நிறுத்தப்பட்டனர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்க அளவுகோல் இப்போது தெளிவாகிறது. ஓர் அமைப்பின் தலைமையை அதன் மேடையில் நின்று அளக்கலாகாது. அதன் பந்தியில், கடைசி இலையின் அருகே நின்று அளத்தல் வேண்டும். யாருக்குச் சோறு எட்டவில்லையோ, அவரை அழைத்து அகப்பையைக் கொடுக்கும் துணிவு அத்தலைமைக்கு உண்டா என்பதே வினா.

இவ்வினாவைப் பிறரிடம் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. அதே வினாவை நம்மை நோக்கியும் கேட்கும் கடமை நமக்கு உண்டு. நமக்குள்ளும் கடைசி இலைகள் உள்ளன. நம் பெண்மக்கள் பொறுப்புகளில் எத்தனை பேர் உள்ளனர்? படித்துப் பணியமர்ந்து நகரில் குடியேறியோரின் குரலுக்குக் கிடைக்கும் மதிப்பு, சேரியில் கூலி வேலை செய்யும் தாயின் குரலுக்குக் கிடைக்கிறதா? நம்மினும் நலிந்த பிற ஒடுக்கப்பட்ட சமுதாயத்தார் வந்தால், அவரோடு ஒரே வரிசையில் அமர்கிறோமா? முறையிடும் இளைஞனைக் கலகக்காரன் என்கிறோமா, சபையைக் கூட்டுகிறோமா?

இளைஞர்களே! பதவி வரும்வரை காத்திராமல், பத்துப் பேருக்குப் பொறுப்பேற்கும் பணியை இன்றே தொடங்குங்கள். பத்து மாணவர்க்கு மாலையில் பாடம் சொல்லுங்கள். பத்துக் குடும்பத்தாரின் விண்ணப்பங்களை எழுதிக் கொடுங்கள். பொதுப்பணத்தில் ஒரு காசு கையில் வந்தாலும் பலர் முன்னிலையில் கணக்குக் காட்டுங்கள். மூத்தோர் தவறினால், பவுல் செய்தது போல நேர்நின்று கூறுங்கள். நீங்கள் தவறும்போது பிறர் கூறுவதையும் கேளுங்கள். மூத்தோராகிய நாமும், சாமுவேலைப் போல ஒரு நாள் அனைவர் முன்னும் நின்று கணக்குக் காட்டி, இடத்தை உங்களிடம் ஒப்படைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அந்நாளில் நம் கைகள் தூயனவாக இருக்குமாயின், அதுவே இக்கால் நூற்றாண்டுப் பணியின் நிறைவாகும்.